நாலரை மணிப் பசி: புதிதாக டயட் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் எல்லோரும் வீரர்கள்தான். சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துவிட்டு, தட்டில் ஒரு இட்லியைக் குறைத்துக்கொண்டு, 'இந்த முறை விடுவதில்லை' என்று வேலைக்குக் கிளம்புவோம். சாயங்காலம் நாலரைக்குத் தெருமுனை டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் விழும் சத்தம் கேட்கும். அங்கேதான் கதை மாறும்.

என் முதல் டயட் ஐந்தாவது நாள் அந்தக் கடை வாசலில் முடிந்தது. செய்தித்தாள் துண்டில் இரண்டு பஜ்ஜி. மேலே இன்னொரு துண்டை வைத்து அழுத்தி எடுத்தேன், எண்ணெய் போய்விடுமாம். தாள் கண்ணாடி மாதிரி ஆனது, பஜ்ஜி அப்படியே பளபளத்தது. சட்னியோடு இரண்டும் போயின. 'எப்படியும் கெட்டுப்போச்சு' என்று மூன்றாவதும் வாங்கினேன். இரவு வீட்டில் நாலு தோசை.

இரண்டாவது முறை தொடங்கும்போது எதைச் சாப்பிடக் கூடாது என்ற பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பசி எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்று பார்த்தேன். பதினொரு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. பிரமாதமான வேகம் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டினி கிடக்கவில்லை. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், முன்பு சாப்பாட்டை ஒதுக்கியோ சாப்பிட்டதை வாந்தி எடுத்தோ அவதிப்பட்டவர்கள், இவர்கள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

முதல் படி: பசியா, நமநமப்பா?

வயிறு கேட்டால் பசி. வாய் கேட்டால் நமநமப்பு. நம் வீடுகளில் 'வாய் நமநமங்குது' என்று சொல்லிக்கொண்டே முறுக்கு டப்பாவைத் திறப்பவர் ஒருவராவது இருப்பார். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பசிக்குச் சாப்பாடு போட வேண்டும், நமநமப்புக்கு நேரம் கொடுக்க வேண்டும். பசியை அடக்கி வைத்தால் இரவில் அது வட்டியோடு திரும்பி வரும். நமநமப்புக்குத் தீனி போட்டால் நாளைக்கும் அதே நேரத்துக்கு வந்து நிற்கும்.

எது எது என்று கண்டுபிடிக்க 'பசி ருசி அறியாது' என்ற பழமொழியே போதும். நான் அதற்கு உப்புமா சோதனை என்று பெயர் வைத்திருக்கிறேன். எதையாவது தின்னலாம் போலிருக்கும்போது, எதிரே ஒரு தட்டு ஆறிப்போன ரவை உப்புமா இருந்தால் சாப்பிடுவேனா என்று கேட்டுக்கொள்வேன். 'சட்னி கூட வேண்டாம், கொண்டா' என்று வயிறு சொன்னால் அது பசி. 'உப்புமாவா? வேண்டாம், பஜ்ஜி இருந்தால் பார்க்கலாம்' என்றால் நமநமப்பு. (உப்புமாப் பிரியர்கள் பாகற்காய்க் கூட்டை வைத்துக்கொள்ளுங்கள்.)

சந்தேகமாக இருந்தால் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோ நீர்மோரோ குடித்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். தாகமும் அலுப்பும் பல நேரம் பசி வேஷத்தில் வரும்.

ஒரு வாரம் மட்டும் எதையும் புதிதாகக் குறைக்காமல், இதைக் குறித்து வையுங்கள். போனில் போதும்: நேரம், இடம், உப்புமாவுக்கு ஆமாவா இல்லையா. என் குறிப்பைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். ஏழு நாளில் ஐந்து நாள் நாலரை மணிக்கு வந்தது உண்மையான பசி. இத்தனை நாளும் பஜ்ஜி ஆசை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பன்னிரண்டரைக்கு அரைக் கப் சோறும் நாலு வெள்ளரித் துண்டும் தின்றவனுக்கு நாலரைக்குப் பசிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது படி: அளவுக்கு மீறிக் குறைக்காதீர்கள்

உலகப் போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, 1945-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்களாக முன்வந்த திடகாத்திரமான ஆட்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி, கூடவே வாரத்துக்கு 22 மைல் நடை. கொஞ்ச நாளில் அவர்கள் பேச்சு முழுக்கச் சாப்பாடாகிவிட்டது. தட்டை நக்கினார்கள். சமையல் பக்கமே போகாதவர்கள் கூடச் சமையல் புத்தகங்களை வாங்கி வைத்துப் படித்தார்கள்.

அந்த 1,570 என்ற எண்ணைக் கவனியுங்கள். இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் டயட் அட்டவணைகளில் பல 1,200 என்றே சொல்கின்றன. நள்ளிரவில் யூடியூப்பில் பிரியாணி வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மனவுறுதியைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் குறைத்த அளவு அதிகம், அவ்வளவுதான்.

வழக்கமாகச் சாப்பிடுவதில் 300 கலோரி குறைத்துத் தொடங்குங்கள். 500-ஐத் தாண்ட வேண்டாம். 300 என்பது எவ்வளவு என்று கேட்டால், சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி, வெந்த சோறு 100 கிராம் சுமார் 130. தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், மதியம் ஒரு கரண்டிச் சோறு, டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. கணக்கு முடிந்தது. வயிற்றுக்கு அவ்வளவாகத் தெரியாது.

டீ சர்க்கரையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 25 கிராம் போல வந்துவிடும். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. நம் ஆட்கள் அதை டீயிலேயே முடித்துவிடுகிறோம். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாக்குப் பழகிவிடும். எனக்கு ஐந்து வாரம் ஆனது.

மூன்றாவது படி: காலைத் தட்டு

நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, தண்ணீராக ஓடும் சாம்பார். இதைச் சாப்பிட்டவருக்குப் பதினொன்றுக்கே பசிக்கும். வயிற்றில் வெகுநேரம் நிற்பது புரதமும் நார்ச்சத்தும். ஒரு இட்லியில் புரதம் சுமார் 2 கிராம்தான். ஒரு முட்டையில் 6. உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் நாட்டில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு. 65 கிலோ எடை உள்ளவருக்கு 54 கிராம். இட்லியை மட்டும் நம்பினால் 27 இட்லி தின்ன வேண்டும்.

அதனால் இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, பாத்திரத்தின் அடியிலிருந்து பருப்போடு அள்ளிய கெட்டிச் சாம்பார். முட்டை சாப்பிடாதவர்களுக்கு அடை இருக்கிறது. நாலு பருப்பையும் கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரை போட்டு வார்த்த அடை இரண்டு தின்றால் ஒரு மணி வரை யாரையும் ஏறிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பச்சைப்பயறு தோசையும் அப்படியே. எண்ணெயை மட்டும் கல்லில் ஊற்றாமல் தடவுங்கள். ஓட்ஸ் பிடித்தால் சாப்பிடலாம். பிடிக்காதவர்கள் எதற்காக அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

நான்காவது படி: மதியச் சோறு

நம் சாப்பாட்டில் சோறு மூன்று முறை வரும். சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. சோற்றை அடியோடு விட்டவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். விட வேண்டாம். மொத்தச் சோற்றையும் முதலிலேயே தட்டில் போட்டு, மூன்றாகப் பிரித்துவிடுங்கள். மறுசோறு கிடையாது. ரசத்தைத் தம்ளரில் குடித்தால் மூன்றை இரண்டாக்கலாம்.

பொரியலும் கூட்டும் இதுவரை ஓரத்தில் தொட்டுக்கொள்ள இருந்தன. இனி தட்டில் பாதி அவற்றுக்கு. முதலில் அவற்றில் பாதியைத் தின்றுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். கீரைக்கூட்டு, அவரைக்காய், கொத்தவரங்காய், புடலங்காய் எதுவானாலும் சரி. மீனோ கோழியோ உண்டென்றால் குழம்பாக இருக்கட்டும், வறுவல் வாரத்துக்கு ஒரு நாள்.

உருளைக்கிழங்கைப் பார்த்து டயட்காரர்கள் பயப்படுகிறார்கள். 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது எவ்வளவு வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று பார்த்தார்கள். முதலிடம் அவித்த உருளைக்கிழங்குக்கு. வெள்ளை ரொட்டியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கடைசி இடம் வெண்ணெய் மடித்துச் சுட்ட குரோசான்ட்டுக்கு. பழி கிழங்கின் மேல் விழுகிறது, குற்றவாளி எண்ணெய்ச் சட்டி. அவித்து, மிளகுத்தூள் தூவித் தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் அளவு பார்க்கவும்.

ஐந்தாவது படி: நாலரைக்கு முன்பே நாலேகால்

இரைப்பையிலிருந்து சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன்தான் பசி மணியை அடிக்கிறது. 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால் அது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். பல வருடமாக நாலரைக்கு டீக்கடைக்குப் போனவன் வயிறு நாலரைக்கு மணியடிப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த மணியை அணைக்கப் பார்ப்பதை விட, அது அடிக்கும் முன் கையில் டப்பா இருப்பது சுலபம்.

என் டப்பாவில் இருப்பது சுண்டல். முந்தைய இரவு 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப் போடுவேன். ஒரு கைப்பிடியை விடக் கொஞ்சம் அதிகம் இருக்கும். காலையில் உப்புப் போட்டு குக்கரில் ஐந்து விசில். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, கடலையைப் போட்டுப் பிரட்டி, தேங்காய்த் துருவல் ஒரு ஸ்பூன். மாங்காய்க் காலத்தில் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டால் மெரினா வாசனை வந்துவிடும். கடலையில் மட்டும் சுமார் 180 கலோரியும் பத்து கிராமுக்குப் பக்கத்தில் புரதமும் இருக்கிறது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: சுண்டலை அவசரமாகத் தின்ன முடியாது. தாடை வலிக்க மென்று முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். பஜ்ஜி இரண்டு வாய்.

தினமும் சுண்டல் அலுக்கும். பச்சைப்பயறு, காராமணி என்று மாற்றுங்கள். வேர்க்கடலை அவித்தது நல்லது. வறுத்ததானால் 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டும், அதுவே சுமார் 170 கலோரி. பொட்டலத்தை மேசையில் பிரித்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் கைப்பிடிக் கணக்கு காற்றில் போகும்.

நாலேகாலுக்குச் சுண்டல் தின்றுவிட்டு நாலரைக்கு டீக்கடைக்குப் போங்கள். நண்பர்களோடு நிற்பதையும் அரட்டையையும் விட வேண்டாம். வயிறு நிறைந்தவன் பஜ்ஜியைப் பார்க்கும் பார்வையே வேறு.

ஆறாவது படி: நமநமப்பு வந்தால்

இது அலை மாதிரி. ஏறும்போது இனி இறங்கவே இறங்காது போலிருக்கும். பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிடத்தில் தணிந்துவிடும். அதனால் 'கூடாது' என்று சொல்லாமல் 'இருபது நிமிடம் கழித்து' என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் கைக்கும் காலுக்கும் வேலை கொடுங்கள்: ஒரு சுற்று நடை, துணி மடிப்பது, பேச வேண்டிய யாருக்காவது போன். போனில் ரீல்ஸ் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது. மூன்றாவது ரீலில் ஒருவர் நெய் ரோஸ்ட் மடித்துக்கொண்டிருப்பார்.

இருபது நிமிடம் கழித்தும் வேண்டுமென்றால் சாப்பிடுங்கள். ஒன்று மட்டும், தட்டில் போட்டு, உட்கார்ந்து, திரையை அணைத்துவிட்டு. மிக்சர் டப்பாவில் நேரே கை விடுவது, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொள்வது, இவை இரண்டும்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

பாக்கெட் தின்பண்டங்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். 2019-ல் வெளியான அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வில் 20 பேரை அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் உணவு என்று கொடுத்தார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அதனால் சிப்ஸை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட நான் தயாரில்லை. வேண்டுமென்றால் கடைக்கு நடந்து போய்ச் சின்ன பாக்கெட்டாக வாங்குவது. இரவு ஒன்பதுக்குச் செருப்பை மாட்டும் சோம்பலே பாதி நாள் காப்பாற்றிவிடுகிறது.

பிடித்த பண்டத்தை முழுக்கத் தடை செய்யவும் வேண்டாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி. தட்டில் ஒரு பங்கு, பெரிய கிண்ணத்தில் வெங்காயப் பச்சடி. புதன்கிழமை ஆசை வந்தால் 'ஞாயிறு இருக்கிறது' என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. தவறிப் போகும் நாளும் வரும். அன்று பஜ்ஜி தின்றீர்களா, இரவு வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்த்தால் மறுநாள் நாலரைக்கு மறுபடி அதே கடையில் நிற்பீர்கள்.

ஏழாவது படி: இரவு

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். முடிந்ததும் பல் தேய்த்துவிடுங்கள், பற்பசை ருசி வாயில் இருக்கும்போது முறுக்கு ருசிக்காது. பத்தரைக்கு உண்மையிலேயே பசித்தால் ஒரு கொய்யா அல்லது சர்க்கரை போடாத ஒரு தம்ளர் பால். தினமும் பத்தரைக்குப் பசித்தால் கோளாறு பகல் சாப்பாட்டில். காலைத் தட்டிலிருந்து மறுபடி பாருங்கள்.

தூக்கத்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுக்க விட்ட நாட்களோடு ஒப்பிட்டால் பசி தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. இனிப்பும் மாவுப் பண்டமும் கேட்டிருக்கிறார்கள். ஐபிஎல் பார்த்துவிட்டு ஒரு மணிக்குப் படுத்த மறுநாள் என் குறிப்பிலும் அதேதான்.

உறவுக்காரர்கள்

இதற்குப் படி எண் போட முடியவில்லை, எந்த நேரத்திலும் வரும்.

"என்னடா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு?" என்றார் பெரியம்மா.

"டயட்ல இருக்கேன் பெரியம்மா."

"இந்த வயசுல என்னடா டயட்டு? தின்னு."

டயட் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை என்று தெரிந்தது. அடுத்த முறை "சர்க்கரை வந்துடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்கார்" என்றேன்.

"ஐயோ, அப்ப வேண்டாம்ப்பா வேண்டாம்." ஒரு நிமிடம் யோசித்தார். "ஒரே ஒரு அதிரசம்?"

இப்போது நான் கற்றுக்கொண்ட பதில், "வீட்டுக்குக் கட்டிக் கொடுங்க பெரியம்மா." அவருக்கும் திருப்தி. பொட்டலம் மறுநாள் அலுவலகத்தில் பத்து பேருக்குப் போகும், எனக்கும் அதில் அரை உண்டு.

கல்யாணப் பந்திக்கு வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போகாதீர்கள். கிளம்புமுன் ஒரு தம்ளர் மோரும் ஒரு பழமும். இலையில் ஜாங்கிரியைப் பாதி தின்றுவிட்டு மீதியை அப்படியே வைத்திருங்கள். இலையில் இனிப்பு இருக்கும் வரை பரிமாறுபவர் இரண்டாவது வைக்க மாட்டார். கூட்டும் அவியலும் மறுமுறை கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது இவற்றைப் பசி என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. முக்கியமாகச் சர்க்கரை மருந்து எடுப்பவர்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. அப்புறம் மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பற்றிப் பேச வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவது, முடி கொத்தாகக் கொட்டுவது, எப்போதும் குளிர்வது இவை தெரிந்தாலும் டயட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முதல் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கு மூன்றாவது வாரத்தில் வயிறே நாலேகாலுக்கு டப்பாவைத் தேட ஆரம்பித்தது. இப்போது டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ ஆற்றிவிடுகிறார். போன வாரம் டப்பாவை வீட்டில் மறந்துவிட்டுப் போய் நின்றேன். பஜ்ஜித் தட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், அவிச்ச முட்டையும் இருக்கு, மிளகு தூவித் தரட்டுமா?" என்றார்.